பன்னிரண்டு ஜிபி சாலை

சங்ககிரி லாரிப் பேட்டைக்கு எதிர்வரிசையில், டயர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே, ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் கால் வாசலுக்கு வெளியே கிடக்கும் என்கிற அளவில்தான் கோகிலாமணியின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. பர்மிட் புதுப்பிக்க, பாஸ்டேக்கில் பணம் ஏற்ற, இன்சூரன்ஸ் காகிதம் எடுக்க என்று காலை முழுக்க டிரைவர்மார் வந்து போவார்கள். மத்தியானம் சோறு தின்ற மயக்கத்தில் பேட்டையே கண்ணசரும் நேரத்தில் அவள் மேசைக்கடியிலிருந்து விளையாட்டு ஸ்டீயரிங்கை எடுத்துப் பூட்டி, பெடலைக் காலுக்கு இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்ப்யூட்டருக்குள் லாரி ஓட்டுவாள். அப்பன் டிரைவர், அண்ணன் டிரைவர், கட்டின புருஷன் நாச்சிமுத்து லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்காரர். இத்தனை லாரிக்கு நடுவே பிறந்து வளர்ந்தும் ஸ்டீயரிங்கில் ஒரு நாள் கை வைக்க அவளை யாரும் விட்டதில்லை. அதனால் தனக்கென்று ஒரு ரோட்டை அவளே தேடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்த ரோட்டுக்கும் வெளியில் கிடக்கிற ரோட்டுக்கும் போக்குவரத்து உண்டு என்பது இருசப்பனின் பல்செட்டால்தான் தெரியவந்தது. இருசப்பன் பெங்களூர் லைனில் ஓடுகிற டிரைவர். பாஸ்டேக்குக்கு வந்தவர் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கிண்ணத்தை அப்படியே மறந்துவிட்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். யாராவது தட்டிவிடப் போகிறார்கள் என்று கோகிலாமணி அதை எடுத்து கம்ப்யூட்டர் கேபினட்டின் தலைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போல மத்தியானம் ஸ்டீயரிங்கைப் பூட்டி, எந்த ஊர்க்காரனோ நம் தேசத்து ரோடுகளை அளந்து வரைந்து வைத்திருந்த அந்த விளையாட்டில் தொப்பூர் ஏறி கிருஷ்ணகிரி வரைக்கும் போய், அங்கே ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தால் கேபினட் மேல் கிண்ணம் இல்லை. கிருஷ்ணகிரி டீக்கடையிலிருந்து போனில் இருசப்பன் கூப்பிட்டு, சொற்கள் பல்லில் பட்டுத் தெளிவாக வர, பல்செட்டைக் கொடுத்தனுப்பியதற்கு நன்றி சொன்னார். கொண்டுவந்த லாரிதான் அவருக்குப் பிடிபடவில்லை. சக்கரம் உருண்டையாக இல்லாமல் எட்டுப் பட்டையாக இருந்தது, பக்கவாட்டுப் பலகைகள் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினாற்போல இருந்தன, உள்ளே நீலச் சேலையில் ஒரு பெண் பிள்ளை கட்டம் கட்டமாகத் தெரிந்தாள் என்றார்.

பேட்டையில் இதை நம்புவதா இல்லையா என்ற பேச்சே எழவில்லை. சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது; போய்ச் சேர்ந்த சரக்கைப் பற்றி லாரிக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பதில்லை. மறுநாளே ஓசூரில் இருக்கும் புருஷனுக்குச் சுக்குப் பொடி, தர்மபுரியில் படுத்திருக்கும் வண்டிக்கு ஒரு பெல்ட், தோசை மாவு, துவைத்த லுங்கி, சாமி பிரசாதம் என்று வரிசை கட்டிவிட்டார்கள். கேபினட் மேல் ஒரு தடவைக்கு ஒரு பொருள்தான் ஏறும், ஈரமாக எதையும் வைக்கக் கூடாது, உயிருள்ளது வேண்டாம் என்று கோகிலாமணி அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். சேவலைக் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார். டோல்கேட்டுகளில் எட்டுப்பட்டைச் சக்கர வண்டியைப் பார்த்தால் தடுப்பைத் தூக்கிவிடும் பழக்கம் தானாக வந்தது, அவள் பாஸ்டேக் ஸ்டிக்கரில் எப்போதும் பணம் இருந்ததால்.

ஒரே குறை, ஓசூருக்கு அந்தப் பக்கம் வெள்ளை. பழைய கம்ப்யூட்டர், அதில் ரெண்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டு. ரோட்டையும் மரத்தையும் வானத்தையும் அதுதான் நொடிக்கு நொடி வரைந்து தர வேண்டும், ஓசூர் வரைக்கும் முக்கி முனகி வரைந்துவிட்டு அதற்குமேல் கை ஓய்ந்துவிடும். சுண்ணாம்பு அடித்த சுவரில் முட்டினாற்போல வண்டி நிற்கும். கார்டு எவ்வளவு தூரம் பிடிக்குமோ அவ்வளவு தூரம்தான் தேசம். பேட்டைக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆவணி பிறக்கும்வரை.

அந்த ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, கோகிலாமணியின் மகள் தாரணிக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்து, பந்தக்கால் நட்டு, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, எட்டு நாளைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ராக்கியப்பன் போன் போட்டார். சிலிகுரிக்கு அந்தப் பக்கம் மலைப்பாதையில் தேயிலை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். குரல் அமைதியாக இருந்தது. அவர் குரல் அமைதியாக இருந்தால் காரியம் கெட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"கண்ணு, முன்னாடி மலை எறங்கி ரோட்டு மேல உக்காந்துருச்சு. பின்னாடியும் ஒரு பக்கம் எறங்கிருச்சு. நடுவுல நாப்பத்திரண்டு வண்டி நிக்குது. நாந்தான் கடைசி."

மண்ணை அள்ள இருபது நாளாகும் என்றார்கள். வண்டியை விட்டுவிட்டு மலையேறிக் குதித்தாவது வந்துவிடும்படி அவள் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, தேயிலைச் சிப்பத்தை ஏற்றினவன் வண்டியை நம்பி ஏற்றவில்லை, ஆளை நம்பித்தான் ஏற்றினான் என்றும், ஒருத்தன் இறங்கி நடந்தால் மறுநாள் நாற்பத்தோரு பேரும் இறங்கி நடப்பார்கள் என்றும் சொன்னார். பதினாலு வயதில் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு லாரியில் கிளீனராக ஏறினவர் அவர். தங்கச்சி பன்னிரண்டாவதும் அதற்கு மேலே கம்ப்யூட்டர் படிப்பும் படித்தது அந்தக் கிளீனர் கையின் கிரீஸில்தான். அவர்கள் அப்பன் காலமான பிறகு தாரணிக்குக் காது குத்தினதும் அவர் மடியில், பெரியவளானபோது சீர் சுமந்து வந்ததும் அவர் தோளில். கல்யாணத்தன்று பெண்ணின் நெற்றியில் பட்டம் என்கிற பட்டையைக் கட்ட வேண்டிய தாய்மாமன் கை அது.

சம்பந்தியம்மாள் கொடுமுடியிலிருந்து பேசினாள், நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். பங்காளி வழியில் மாமன் முறை ஆகிறவர் யாராவது நின்றால் போதாதா, சாஸ்திரத்துக்கு ஒரு ஆள்தானே என்றாள்.

"முறைக்கு நிக்க ஆள் கெடைக்கும்ங்க," என்றாள் கோகிலாமணி. "எங்கண்ணன் கெடைக்க மாட்டாருங்க. திங்கக்கெழம காலைல அவரு இருப்பாரு."

சொல்லிவிட்டு போனை வைத்தபிறகு, எப்படி இருப்பார் என்று நாச்சிமுத்து கேட்டார். அவள் மானிட்டரைக் காட்டினாள். விளையாட்டு வரைந்தவன் அந்த மலையையும் வரைந்திருந்தான், அதுவும் மண் சரிவதற்கு முன்னாலேயே வரைந்திருந்தான். அவன் மலையில் ரோடு முழுசாக இருந்தது. அந்த ரோட்டைச் சங்ககிரியிலிருந்து பிடித்துக்கொண்டு போய் அண்ணன் முன்னால் விரித்துவிட்டால் அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். அதற்கு வேண்டியது ஒரு நல்ல கார்டு.

செவ்வாய்க்கிழமை சேலத்துக்குப் போனாள். துணைக்கு என்ஜின் மெக்கானிக் காளியண்ணன் வந்தார், எதை வாங்கினாலும் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்கிற ஆள். கம்ப்யூட்டர் கடை ஜாகீர் ஒல்லியான பையன், கேள்வி கேட்டுவிட்டுத்தான் எதையும் அலமாரியிலிருந்து எடுப்பான். மானிட்டர் எத்தனை அங்குலம், பிராசஸர் எந்த வருஷத்தது, கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்ஸ் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, கண்ணாடிப் பலகை மேல் மூன்று கார்டுகளை வைத்தான். முதலாவது ஆறு ஜிபி, சின்னது, சூடாகாது, ஆனால் கூட்டம் சேர்ந்தால் திணறும். இரண்டாவது எட்டு ஜிபி, இந்த வருஷத்து உருப்படி, வானவில் மாதிரி விளக்கு எரியும், வேகத்தில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மூன்றாவது பன்னிரண்டு ஜிபி, போன தலைமுறை, விளக்கும் இல்லை மினுக்கும் இல்லை, மூன்று ஃபேன் வைத்து முழங்கை நீளம்.

எல்லாரும் எட்டைத்தான் வாங்குகிறார்கள், எந்த விளையாட்டில் ஓட்டிப் பார்த்தாலும் அதுதான் முந்துகிறது என்றான் ஜாகீர். காளியண்ணனும் புது மாடலைத்தான் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கோகிலாமணி ஜிபி என்றால் எதைச் செய்கிறது என்று கேட்டாள். வரைந்ததை மறக்காமல் கையில் வைத்திருப்பது அதுதான் என்றான் அவன். வேகம் வேறு, ஞாபகம் வேறு.

"எனக்கு முந்தறது வேண்டாம் தம்பி. முன்னாடி நான், கடைசில எங்கண்ணன், நடுவுல நாப்பத்தோரு வண்டி. என்ற பம்பர்ல இருந்து அவரு பின்சக்கரம் வரைக்கும் ரோடு ஒரே நேரத்துல இருக்கோணும். மறக்கக் கூடாது."

ஜாகீர் யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. எட்டு ஜிபியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டான். பன்னிரண்டுக்கு அவளுடைய பழைய எஸ்எம்பிஎஸ் தாங்காது, அறுநூற்றைம்பது வாட்ஸ் ஒன்று சேர்த்து வாங்க வேண்டும், பிராசஸர் கொஞ்சம் பின்னால் இழுக்கும் என்றான். ஏத்தத்தில் ரெண்டாவது கியரில் போய்க்கொள்ளலாம் என்றாள். அது காளியண்ணனுக்குப் புரிந்தது. பெரிய என்ஜினை வாங்கி சின்ன டீசல் பம்பைப் பூட்டினால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் சங்ககிரி வரும் வரைக்கும் பக்கத்து ஸீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

வந்து பார்த்தால் கார்டு கேபினட்டுக்குள் போகவில்லை. ரெண்டு விரல் நீளம் அதிகம். நாச்சிமுத்து கார்டைக் கையில் வாங்கி, காது குத்தாத குழந்தையைத் திருப்புவது போலத் திருப்பிப் பார்த்து, அளந்து, பட்டறைக்குப் போனார். புதன்கிழமை பட்டறையில் புதுக் கேபினட் கட்டுவதைத் தவிர வேறு வேலை நடக்கவில்லை. வாகை மரத்தில் சட்டம், லாரி கேபின் தகட்டில் பக்கச் சுவர், பானெட்டுக்கு வெட்டுகிற மாதிரி காற்றுப் போக வரிவரியாகச் சந்து. முகப்பில் பெயிண்டர் இரண்டு கண்ணும் ஒரு தாமரையும் எழுதி, கீழே தாரணி என்று சாய்வெழுத்தில் போட்டுக் கொடுத்தார். எலுமிச்சம்பழம் கட்டினார்கள். கார்டுக்கே சந்தனம் பூசக் கிளம்பியவர்களை ஜாகீர் போனில் காலில் விழாத குறையாகத் தடுத்து, குங்குமம் தகட்டோடு நிற்கட்டும் என்று சம்மதிக்க வைத்தான்.

தப்பு நடந்தது வியாழக்கிழமை. புது என்ஜின் போட்டால் ஆயிரம் கிலோமீட்டர் வெறும் வண்டியாக, நாற்பதுக்கு மேல் மிதிக்காமல் ஓட்டிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்றார் காளியண்ணன். கார்டுக்கு பிஸ்டன் கிடையாது, டப்பாவிலிருந்து எடுத்த நிமிஷமே ஓடும் என்று ஜாகீர் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். பேட்டை முழுக்க காளியண்ணன் பக்கம் நின்றது; முப்பது வருஷமாக ஒரு என்ஜினைக் கூடச் சாகவிடாத ஆள் சொல்லும்போது கடைக்காரப் பையன் பேச்சை யார் கேட்பது. கோகிலாமணிக்கு உள்ளுக்குள் தெரியும், ஆனாலும் கார்டு அண்ணனைச் சுமக்கப் போகிற கார்டு என்பதால் மனசு ஒரு துளி பயத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. வியாழன் முழுக்க வெறும் லாரியைச் சேலத்துக்கும் கரூருக்கும் நாற்பதில் உருட்டினாள். அந்த ஒரு நாள் போனதால், போக ரெண்டு நாள், திரும்ப ஞாயிறு ஒரே நாள் என்று கணக்கு இறுகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பல்லு விளக்கின கையோடு ஏறி உட்கார்ந்தாள். சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அங்கே இருநூறு கிலோமீட்டர் ஓடும். ஓசூரில் சுண்ணாம்புச் சுவர் இருந்த இடத்தில் தக்காளி லாரிகள் நின்றன, அதைத் தாண்டி பெங்களூரின் மேம்பாலங்கள், அனந்தபூரின் காய்ந்த பாறைகள், கர்னூல், ஹைதராபாத், புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுகிற நாக்பூர்ச் சமவெளி என்று தேசம் பாயை உருட்டிவிட்டாற்போல விரிந்துகொண்டே போனது. வழியில் நம்மூர் டிரைவர்கள் விளக்கடித்தார்கள். சக்கரம் உருண்டையாகிவிட்டது அக்கா என்று போனில் சொல்லிச் சிரித்தார்கள். கல்யாண வீடு அவளைத் தேடி சென்டருக்கே வந்துவிட்டது. நாத்தனார்கள் கீழே உட்கார்ந்து பூக் கட்டினார்கள், சமையல்காரர் வாசலில் நின்று கத்திரிக்காய் எத்தனை கிலோ என்று கேட்டார், பெரியம்மா ஒருத்தி பெண்ணைப் பெற்றவள் முகூர்த்த வாரத்தில் லாரி ஓட்டுகிறாளே என்று திட்டிக்கொண்டே தயிர்ச்சோற்றை உருட்டி அவள் வாயில் போட்டாள். சனிக்கிழமை பொழுது இறங்க, மலைக்கு இந்தப் பக்கத்து அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் போய், மகளுக்கு மருதாணி வைத்துவிட்டாள்.

ஞாயிறு விடிகிற நேரத்தில் பேட்டையே சென்டர் வாசலில் நின்றது. அவள் முதல் கியர் போட்டு மலை ஏறினாள். திரையில் ரோடு எந்த அடியும் படாமல் கறுப்பாக வளைந்து போனது. அங்கே நின்றவர்களுக்கு எப்படி இருந்தது என்பதை ராக்கியப்பன் பிற்பாடு சொன்னார்: முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்குச் சரிந்து கிடந்த சேற்று மலையின் வயிற்றிலிருந்து முதலில் ஒரு பம்பர் வந்தது, பிறகு தாமரை எழுதின ஒரு முகப்பு, பிறகு முழு லாரி; அது வந்த வழியில் சேறு இரண்டு பக்கமும் திரைச்சீலை போல ஒதுங்கி நிற்க, நடுவே புதுத் தார் ரோடு. முதல் வண்டிக்கு முன்னால் ஒரு அகலமான வளைவு இருந்தது. அடுப்பு மூட்டிச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுப்பை எடுத்துக்கொண்டு நகர, அவள் அங்கே வண்டியைத் திருப்பி, மூக்கை ஊர்ப்பக்கம் வைத்து நின்றாள்.

முதல் வண்டிக்காரர் லூதியானாவிலிருந்து வந்த ஒரு சர்தார். ரோட்டைக் காலால் மிதித்துப் பார்த்தார், உட்கார்ந்து தொட்டுப் பார்த்தார், ஏற மாட்டேன் என்றார். ராக்கியப்பன் கடைசி வண்டியிலிருந்து நாற்பத்தோரு வண்டியையும் தாண்டி முன்னால் நடந்து வந்தார். ரோட்டில் கற்றுக்கொண்ட ஹிந்தியில் சின்னதாகச் சொன்னார்: இது என் தங்கச்சி போட்ட ரோடு, கடைசியில் வருகிறவன் நான். ரோடு கெட்டுப்போகிறதாக இருந்தால் முதலில் வருகிறவனைவிடக் கடைசியில் வருகிறவனுக்குத்தானே கெடுதல். சர்தார் வண்டியைக் கிளப்பினார்.

ஒவ்வொரு வண்டி ஏற ஏற இங்கே கார்டின் சூடு ஏறியது. எழுபது டிகிரி, எழுபத்தாறு, எண்பத்திரண்டு. மூன்று ஃபேனும் அரிசி மில் மாதிரி இரைந்தன. ஒன்பதாவது வண்டி ஏறியபோது திரை ஒரு கணம் திக்கியது, அந்த ஒரு கணம் அங்கே ரோடு இல்லை. சர்தார் வண்டியின் இடதுபின் சக்கரம் சேற்றில் அமுங்கி மறுகணம் தாரில் எழும்பியது. கோகிலாமணி பிரேக்கில் கால் வைத்தபடியே ஜாகீருக்குப் போன் போட்டாள். கார்டின் கையிலிருந்து வேலையைப் பிடுங்குங்கள் அக்கா, வேண்டாததை ஒவ்வொன்றாக அணையுங்கள் என்றான். அவள் செட்டிங்ஸைத் திறந்தாள். முதலில் புல்லை அணைத்தாள். பிறகு நிழலை. பிறகு மர இலைகளை, மேகத்தை, ஆற்றின் அலையை. அங்கே மலைமேல் நின்றவர்கள் கண்ணெதிரில் லாரிகளின் அடியிலிருந்து நிழல் கழன்று போயிற்று, மரங்கள் குச்சி குச்சியாயின, கீழே ஓடிய ஆறு நீல ரெக்சின் விரித்தாற்போல ஆடாமல் கிடந்தது, வானம் ஒரே பூச்சாக வெளுத்தது. யாரும் அலறவில்லை. எட்டு நாளாக நின்ற டிரைவர்களுக்கு வானம் போனாலும் ரோடு இருந்தால் போதும் என்றிருந்தது. வரிசை நகர்ந்தது, பத்து, பதினைந்து, இருபத்தெட்டு.

முப்பதாவது வண்டியில் மறுபடி திக்கியது. எண்பத்தொன்பது. அணைக்க இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று ஜாகீரைக் கேட்டாள்.

"கண்ணாடிக்கா. ரெண்டு பக்கக் கண்ணாடி. பின்னாடி இருக்கற ரோட்டையும் வண்டியையும் மறுபடி ரெண்டு தடவை வரையுது. அதை அணைச்சா மூணுல ஒரு பங்கு வேலை குறையும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். யாரும் பார்க்காததைக் கார்டு வரையாதுக்கா. அது வழக்கம்."

கண்ணாடி இல்லாமல் வண்டியை எடுப்பதைச் சங்ககிரியில் குடித்துவிட்டு எடுப்பதற்குச் சமமாகத்தான் பார்ப்பார்கள். அதிலும் பார்க்காவிட்டால் பின்னால் ரோடே இருக்காது என்றால். நாச்சிமுத்து அவள் தோளில் கை வைத்தார், எடுத்தார். காளியண்ணன் வேண்டாம் அம்மிணி, முப்பது வண்டியாவது வந்து சேரட்டும் என்றார். சொல்லும்போதே அவருக்கு வாய் கோணியது, கடைசி வண்டி யாருடையது என்று அவருக்குத் தெரியாதா.

கோகிலாமணி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"எங்கண்ணன் முப்பத்தஞ்சு வருசமா நான் பார்க்காத ரோட்டுலதான் ஓட்டறாரு. நான் பார்க்கலைன்னு எந்த ரோடும் அவருக்குக் கீழ இல்லாமப் போகல."

கண்ணாடியை அணைத்தாள். இரண்டு பக்கமும் கறுப்புத் தகடு. ஃபேன்களின் இரைச்சல் மெல்ல இறங்கியது, எண்பத்தாறு, எண்பத்திரண்டு. பேச்சை நிறுத்துங்கள் என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். சேறு இருந்த இடம் முடிந்து கெட்டி ரோட்டில் ஏறும்போது ஒரு ஆரன் அடியுங்கள் என்று ராக்கியப்பன் எல்லாரிடமும் சொல்லியிருந்தார், சர்தார் முதல் ஆளாக அடித்தார். ஸ்பீக்கரில் அது கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக. ஆரனைக் கேட்டே வண்டி எந்த ஊர் என்று சொல்லுகிற கூட்டம் அது. ராஜஸ்தான் வண்டி பாட்டுப் பாடியது, வங்காளத்து வண்டி இருமியது, ஒன்று குழந்தை அழுகிற மாதிரி, ஒன்று மாடு கூப்பிடுகிற மாதிரி. வாசலில் நின்றவர்கள் உதடு அசையாமல் எண்ணினார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இருபதிலேயே பிடித்துக்கொண்டு வளைவுக்கு மேல் வளைவாக இறங்கினாள். ஒரு தடவை கண்ணாடியைப் போட்டுப் பாரேன், ஒரே ஒரு கணம்தானே என்று யாரோ சொன்னார்கள், பூக் கட்டிக்கொண்டிருந்த நாத்தனாராக இருக்கும். கோகிலாமணி தலையை அசைத்துவிட்டாள். பார்க்கிற அந்த ஒரு கணத்தில் கார்டு திக்கினால், ரோட்டின் மேல் இருப்பது அவர். அவர் இருக்கிறார் என்று வைத்துத்தான் ஓட்டினாள். அவருடைய வண்டி எப்படி இறங்கும், எந்த வளைவில் கியர் மாற்றுவார், பிரேக்கை எவ்வளவு மிதிப்பார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாளே, அந்தக் கணக்கில் வளைவுக்கு வளைவு இடம் விட்டு, இறக்கத்தில் நின்று, கடைசி வண்டிக்கு என்ன நேரம் வேண்டுமோ அந்த நேரத்தைக் கொடுத்துக்கொண்டே போனாள். அரை மணி நேரம் அப்படிப் போயிற்று.

மலை முடிந்து, வளைவுகளில் அறுந்துபோன டவர் சமவெளியில் திரும்பக் கிடைத்ததும் மேசை மேல் போன் அடித்தது. நாச்சிமுத்து எடுத்து அவள் காதில் வைத்தார்.

"கண்ணு, இது என்ன லாரியா கட்டை வண்டியா. கொஞ்சம் மிதிச்சுத்தான் போயேன். பின்னாடி நாங்க அத்தனை பேரும் உனக்காக ஊர்ந்துட்டு வர்றோம்."

ஏண்ணா ஆரன் அடிக்கல என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு கையும் ஸ்டீயரிங்கப் புடிச்சிருந்துச்சு கண்ணு," என்றார் ராக்கியப்பன்.

அதற்கப்புறம் அவள் மிதித்தாள். லாரிகள் அவரவர் ஊருக்குப் பிரியப் பிரிய, சர்தாருடையதும் சேர்த்து, தெற்கே சரக்குக் கொண்டுவருகிற பதினோரு வண்டி மட்டும் அவள் போட்ட ரோட்டிலேயே கூட வந்து, ஞாயிறு விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சங்ககிரிப் பேட்டையில் வரிசையாக நின்றது. பதினோரு டிரைவர்களும் கல்யாண மண்டபத்துக் குழாயில் கால் கழுவிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்கள். இடியாப்பம் மாதிரி பிழிந்த சந்தகையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவதைச் சர்தாருக்கு இருசப்பன்தான் சொல்லிக் கொடுத்தார், சர்தார் ஆறு தடவை கேட்டு வாங்கினார். கொடுமுடிச் சம்பந்தியம்மாள் அவர்களை யாரென்று கேட்டாள். மாமன் வீட்டுக் கூட்டம் என்றார்கள். இவ்வளவு பேரா என்று கேட்டுவிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அவளே எழுந்து போனாள்.

திங்கள் காலை, கல்யாணச் சடங்கு நடத்துகிற அருமைக்காரர் மாமனைக் கூப்பிட்டார். ராக்கியப்பன் புது வேட்டியில் முன்னால் வந்து நின்றார், நகக்கண்ணில் மலைச்சேறு தேய்த்தும் போகாமல் இருந்தது, பட்டத்தை எடுத்துத் தாரணியின் நெற்றியில் வைத்து, இரண்டு கையாலும் பின்னால் முடிச்சுப் போட்டார், போட்ட முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். கோகிலாமணி அவருக்குப் பின்னால் நின்றாள். பந்தல் ஓலையின் நிழல் அவர் முதுகில் ஆடியது, வாழைமரத்து இலை காற்றில் கிழிந்து படபடத்தது, கதவோரம் யார் வீட்டுக் குழந்தையோ அழுதது; அவள் எதையும் அணைக்காமல், எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.